நெட்வேர்க்கில் பூட் ஆன மெஷின் நெட்வேர்க் இல்லை என்று நிற்பது ஏன்?

திருகோணமலையில் ஏதாவதொரு பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்துக்குள் போய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே மொடலாக இருக்காது. சில நன்கொடையாக வந்தவை, சில டெண்டரில் வாங்கியவை, இன்னும் சிலவற்றில் உப்புக்காற்றில் துருவேறிச் செத்த மதர்போர்டுக்குப் பதிலாகக் கடையில் அகப்பட்ட ஏதோ ஒன்று பூட்டியிருக்கும். இவ்வளவுக்கும் விண்டோஸ் போடப் பென் டிரைவோடு மேசை மேசையாக அலைய முடியாது என்று ஒரு சேர்வரை வைத்து நெட்வேர்க் வழியாக ஏற்றத் தொடங்குவார்கள், அங்கேதான் கூத்து. மெஷின் நெட்வேர்க்கில் பூட் ஆகும், சேர்வரிலிருந்து சில நூறு எம்பி கோப்பை ஒழுங்காக இறக்கும், விண்டோஸ் லோகோவும் வரும், பிறகு நெட்வேர்க் டிரைவர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இதே கேபிள், இதே நெட்வேர்க் கார்ட். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எல்லாம் இதன் வழியாகத்தானே வந்தது?

பவர் போட்டவுடன் மெஷினை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் பர்ம்வெயார் என்ற சின்ன மென்பொருள். அது பி.எக்ஸ்.இ என்ற முறையில் நெட்வேர்க்கில் குரல் கொடுக்கும். ஐபி முகவரி ஒன்றும், எந்த சேர்வரில் எந்தக் கோப்பு என்ற விவரமும் திரும்பி வரும். கோப்பை இறக்குவது டி.எப்.டி.பி என்ற மிகப் பழைய, மிக எளிய முறை. அதன் அடிப்படை வடிவத்தில் 512 பைட் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த 512. அப்படியென்றால் 400 எம்பி கோப்புக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் பதில்! துண்டுகளைப் பெரிதாக்கும் வசதி 1995இல் வந்தது, இல்லாவிட்டால் இதெல்லாம் தாங்காது.

வந்து சேர்ந்த கோப்புதான் பூட் இமேஜ். அது ராம் (RAM) நினைவகத்திலேயே ஒரு டிஸ்க் போல விரிந்து, அதற்குள் இருக்கும் விண்டோஸ் பி.இ என்ற குட்டி விண்டோஸ் ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிய கணமே பர்ம்வெயார் தன் நெட்வேர்க் சேவையை மூடிவிடும். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலில் வழிகாட்டும் பைலட் ஏறி, துறைமுக வாய்க்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுச் சின்னப் படகில் திரும்பிவிடுவாரே, அப்படி. அதற்குப் பிறகு கப்பலை ஓட்டக் கப்பலில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர், கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸ் பி.இக்குள் அந்தக் கார்டுக்குரிய டிரைவர் இல்லையென்றால் கார்ட் இருந்தும் இல்லாதது மாதிரிதான். டிரைவரை சேர்வரிலிருந்து எடுக்கலாமே என்றால், எடுப்பதற்கே டிரைவர் வேண்டும்.

ஆகவே அதை முன்கூட்டியே பூட் இமேஜுக்குள் வைக்கிறோம். டிரைவர் பொதி என்பதில் முக்கியமாக மூன்று வகைக் கோப்பு: உண்மையில் ஓடும் சிஸ் (.sys) கோப்பு, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைத் தாங்கும் கட் (.cat) கோப்பு, இது எந்தக் கார்டுக்குரியது என்று எழுதியிருக்கும் இன்ஃப் (.inf) கோப்பு. ஒவ்வொரு கார்டும் தயாரிப்பாளருக்கு ஒன்று, மொடலுக்கு ஒன்று என்று இரண்டு குறியீட்டெண்களைச் சொல்லும். இன்டெல்லுடையது 8086, அவர்களின் 1978ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற சிப்பின் பெயரேதான் (யாரோ ரசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்). ரியல்டெக்குக்கு 10இசி. இந்த எண்ணையும் இன்ஃபில் உள்ளதையும் ஒப்பிட்டுத்தான் விண்டோஸ் டிரைவரைத் தெரிவுசெய்கிறது. டவுன்லோட் பண்ணிய செட்டப் கோப்பை அப்படியே கொடுத்தால் சேர்வர் ஏற்காததும் இதனால்தான். அதை விரித்து உள்ளேயிருக்கும் இன்ஃபைக் காட்ட வேண்டும். 64 பிட் இமேஜுக்கு 64 பிட் டிரைவர்தான்.

சேர்ப்பது பெரிய வேலையில்லை. டிஸ்ம் (DISM) என்ற கருவியால் இமேஜை ஒரு போல்டரில் மவுண்ட் பண்ணி, அதாவது விரித்துத் திறந்து, டிரைவரைச் சேர்த்து, மாற்றத்தைச் சேமிக்கும் கொமிட் கொடுத்து மூட வேண்டும். விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2இலிருந்து, நெட்வேர்க் வழியாக விண்டோஸ் ஏற்ற உதவும் டிப்ளோய்மென்ட் சேர்விசஸ் திரையிலேயே பொதியை இறக்குமதி செய்து இமேஜோடு சேர்க்கலாம், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட இதேதான். பழைய இமேஜுக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், கொமிட் பாதியில் கரண்ட் போனால் இமேஜ் கெட்டுப்போகலாம்.

பலர் செய்வது, கையில் உள்ள எல்லா டிரைவரையும் பூட் இமேஜுக்குள் கொட்டுவது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. சவுண்ட், பிரிண்டர் எல்லாம் அங்கே எதற்கு? அதற்குத் தேவை இரண்டுதான், சேர்வரோடு பேச நெட்வேர்க் டிரைவர், டிஸ்க்கைப் பார்க்க ஸ்டோரேஜ் டிரைவர். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்ட் உள்ள சேர்வர்களிலும், டிஸ்க்கைத் தன் பொறுப்பில் எடுக்கும் இன்டெல் வி.எம்.டி இயங்கும் புதிய லாப்டொப்களிலும் நெட்வேர்க் வந்த பிறகும் டிஸ்க் எதுவும் தெரியாமல் போவது இந்த இரண்டாவது இல்லாததால். மற்றவையெல்லாம் இன்ஸ்டோல் ஆகப்போகும் விண்டோசுக்குரியவை, அவற்றை அந்தக் கட்டத்துக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டும். பூட் இமேஜில் போட்டது அங்கேயும் தானாகப் போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

மெஷின் நின்றுவிட்டால் அந்தத் திரையிலேயே ஷிப்ட், எப்10 சேர்த்து அழுத்தி, திறக்கும் கட்டளைத் திரையில் ஐபிகொன்பிக் (ipconfig) அடியுங்கள். கார்டே காட்டாவிட்டால் அனேகமாக டிரைவர்தான் பிரச்சினை. கார்ட் இருந்து ஐபி மட்டும் வரவில்லையென்றால் கேபிள், சுவிட்ச், ஐபி முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி பக்கம் போங்கள். டிரைவர் சரியானதா என்ற சந்தேகத்துக்கு டிஆர்விலோட் (drvload) கட்டளை இருக்கிறது, பென் டிரைவிலுள்ள இன்ஃபைக் கொடுத்தால் அங்கேயே ஏற்றிக் காட்டும். அது வேலை செய்த பிறகு இமேஜைத் திறந்தால் போதும்.

விண்டோஸ் 11 போடுவதென்றால், அதன் டிஸ்க்கோடு வரும் பூட் இமேஜை டிப்ளோய்மென்ட் சேர்விசசில் வைத்து இன்ஸ்டோல் பண்ணுவதை மைக்ரோசொப்ட் இப்போது ஆதரிப்பதில்லை. நாமே உருவாக்கிய விண்டோஸ் பி.இ இமேஜை அதே சேர்வர் வழியாகப் பூட் பண்ணலாம், அதற்கும் டிரைவர் சேர்க்கும் வேலை இதேதான்.