கல்லும் படவில்லை, கார்க் கண்ணாடி ஏன் நொறுங்கியது?

"ஒருத்தரும் தொடேல்லை, நிழலிலைதான் விட்டிருந்தனான், படீரெண்டு வெடிச்சிட்டுது." உடைந்த கதவுக் கண்ணாடியோடு கராச்சுக்கு வருகிறவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். அடுத்த வசனத்தில் அயல்வீட்டுப் பெடியன் வருவான், இல்லாவிட்டால் சித்திரை வெயில் வரும். சத்தம் துவக்குச் சூடு போலக் கேட்பதால் சிலர் பொலிசுக்கும் போய்விடுகிறார்கள். கல்லெறி நடக்காத ஊர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தானாக வெடித்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காயம் பட்டது வேறொரு நாள். உடைந்தது இன்னொரு நாள்.

முதலில் கண்ணாடியின் வகை. முன்கண்ணாடி லமினேட்டட்: இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவில் ஏறத்தாழ 0.76 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் படலம். அடிபட்டால் கீறல் ஓடும், ஆனால் இடத்திலேயே நிற்கும். பெரும்பாலான கார்களில் கதவுக் கண்ணாடி, பின்கண்ணாடி, சன்றூவ் (கூரைக் கண்ணாடி) எல்லாம் டெம்பர்ட். 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர்த்துவார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிந்திக் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தோலை உள்ளே இழுக்கும். ஆகவே மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்தில், நடுப்பகுதி எப்போதும் இழுவையில். சும்மா நிற்கும் காரிலும் அந்தக் கண்ணாடி நாணேற்றிய வில்தான்.

அமுக்கத்தில் உள்ள தோல் ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கதவுக் கண்ணாடி 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை இருக்கும். 4 மில்லிமீற்றர் என்று வைத்தால் தோல் 0.8 மில்லிமீற்றர். அதற்குள் நிற்கும் கீறல் வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது. அதைத் தாண்டி இழுவைப் பகுதியைத் தொட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் வேகத்தில் வெடிப்பு கண்ணாடி முழுவதும் ஓடிவிடும். டெம்பர்ட் கண்ணாடியில் "சின்ன வெடிப்பு, பிறகு பார்ப்பம்" என்று ஒன்று கிடையாது. ஒன்றில் முழுசு, அல்லது குருணி.

வெயிலைப் பற்றி ஒரு கணக்கு. டெம்பர்ட் கண்ணாடி ஏறத்தாழ 200 பாகை வெப்பநிலை வித்தியாசத்தைத் தாங்கும். வெயிலில் பூட்டிவிட்ட கார் உள்ளே 60 பாகை வரை போகலாம். அதன்மேல் ஏசியைத் திருப்பினாலும் வித்தியாசம் 50ஐத் தாண்டுவது அரிது. காயமில்லாத கண்ணாடியை வெயில் உடைக்காது. ஏற்கெனவே ஆழக் காயப்பட்ட கண்ணாடிக்கு வெயிலோ, கதவை அடித்துச் சாத்துவதோ, ஒரு குழியோ கடைசித் தள்ளலாக அமையும், அவ்வளவுதான். கொதிக்கும் காருக்குக் குளிர்தண்ணீர் ஊற்றுவது உண்மையில் ஆபத்தாவது முன்கண்ணாடிக்கு. அது டெம்பர்ட் அல்ல. கல்லுப்பட்ட சிறு பொட்டு இருந்தால் அங்கிருந்து கீறல் ஓடும்.

காயம் எங்கே படுகிறது?

விளிம்பில். பத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்ல மாட்டோம், ஆனால் கதவுப் பலகையைக் கழற்றினால் முதலில் பார்ப்பது விளிம்பு ஓடும் றபர்க் கானைத்தான். கதவுக் கண்ணாடியின் முன், பின் ஓரங்கள் அந்தக் கானுக்குள் ஏறி இறங்குகின்றன. றபர் வெயிலில் காய்ந்து வெடித்தால் கண்ணாடி உள்ளிருக்கும் தகரத்தில் உரசும். காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கத்து வாகனங்களில் உப்புக் காற்றால் அந்தத் தகரம் துருப்பிடித்து ஊதிப் பெருக்கும். செதிலாக எழும்பிய துரு றபரைத் தள்ளிக்கொண்டு கண்ணாடி விளிம்பில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்கு அகலமான அமுக்கம் பிரச்சினையில்லை. புள்ளியாகக் குத்துவதுதான் விஷம்.

அடுத்தது மணல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கண்ணாடியைவிட மென்மையானது. ஒழுங்கையில் எழும்பும் வெள்ளைத் தூசி கண்ணாடியைக் கீறாது, கழுவினால் போய்விடும். கீறுவது இரண்டு: மணற்காடு, அம்பன் பக்கத்துப் படிக மணல், வன்னியிலிருந்து ரிப்பரில் வருகிற கருங்கல் சல்லி. இரண்டிலும் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். கதவின் வெளிப்புறம், கண்ணாடி உள்ளே இறங்கும் இடத்தில் உள்ள நீள றபர்ப் பட்டிக்குள் இந்த மணல் தங்கிவிட்டால், ஒவ்வொருமுறை கண்ணாடியை இறக்கும்போதும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் கீறும். உங்கள் கதவுக் கண்ணாடியில் நிமிர்ந்த வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவா? நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் அழகுப் பிரச்சினை மட்டும். தடக்கினால் கண்ணாடியை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் எங்கள் தொழில்காரரின் கையால் வருவது. பவர் சட்டரின் (சுவிச்சால் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடியின்) மோட்டாரோ கேபிளோ மாற்றும்போது கண்ணாடியை இரண்டு போல்ட்டில் தாங்கியோடு பூட்டுவார்கள். இடையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ், றபர்த் துண்டு தொலைந்துவிட்டால் சிலர் வெறும் வாஷரைப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். இரும்பு நேரே கண்ணாடித் துளையில் அழுத்தும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. அடுத்த கிழமையோ அடுத்த மாதமோ கதவைச் சாத்தும்போது நடக்கும். இந்தப் போல்ட்டுக்குக் காற்றழுத்தத்தால் இறுக்கும் துப்பாக்கியை வைக்கவே கூடாது. கையால், அந்தக் கார் மொடலின் வேலைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினால் போதும். வேலை முடிந்த பிறகு கழற்றிய புஷ்கள் எங்கே என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

டின்ட், அதாவது கண்ணாடிக்கு நிறத்தாள் ஒட்டுபவர்களும் பங்காளிகள். தாளைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அதன்மேலேயே பிளேடால் ஓரம் வெட்டினால், பிளேட்டின் முனை விளிம்போரமாகவே ஓடும். பின்கண்ணாடியில் இன்னொரு சேதமும் உண்டு: பழைய தாளைப் பிளேடால் சுரண்டும்போது பனிநீக்கிக் கம்பிகள் அறுபடும். ஆனாலும் நல்ல டின்ட் தாள் ஒரு நன்மை செய்கிறது, அதைக் கீழே சொல்கிறோம்.

பிறகு புல்லு வெட்டும் மெசின். நைலோன் கயிறு சுழலும்போது பறக்கும் பயறளவு கல் பத்து மீற்றர் தள்ளி நிற்கும் கதவுக் கண்ணாடியைத் தூளாக்கப் போதும். கல் எங்கோ விழுந்துவிடும், வெட்டியவருக்கு இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கோயில் வீதியிலும் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்திலும் வாகனம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து திகைப்பவர்கள், அன்று அங்கே புல்லு வெட்டினார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

பின்கதவுக் கண்ணாடிக்குத் தனிக் கதை. திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை, கடையிலிருந்து பி.வி.சி. பைப், இரும்புக் கம்பி என்று ஏற்றி, கதவு மூடாமல் இழுத்துக் கயிறு கட்டினால் பைப்பின் நுனி கண்ணாடியின் உட்புறத்தில் முட்டிக்கொண்டே வரும். ஒவ்வொரு குழியிலும் ஒரு குத்து. வைப்பர் தண்டு கண்ணாடியை ஊடுருவும் கார்களில் அந்தத் துளையின் றபர் போய்விட்டாலும் இதே கதைதான்.

பெரிய கண்ணாடிக் கூரை உள்ள ஜீப் வகை வாகனங்களில், கண்ணாடியைச் சுற்றி உள்ள கறுப்புக் கரை வெறும் பெயின்ட் அல்ல. சுட்டு உருக்கிப் பிடிக்கவைத்த பீங்கான் பூச்சு. அது உள்ள இடத்தில் கண்ணாடியின் வலு குறையும். ஓடும்போது உள்திரையை இழுத்து மூடி வைத்தால், உடைந்தாலும் தலையில் கொட்டாது. செலவில்லாத பாதுகாப்பு.

உண்மையிலேயே தானாக வெடிப்பதும் உண்டு. கண்ணாடி உருக்கும்போது கலக்கும் நிக்கல் சல்பைட் துணிக்கைதான் காரணம். ஒரு மில்லிமீற்றரின் பின்ன அளவில் இருக்கும். சூட்டில் ஒரு படிக வடிவம், குளிர்ந்தபின் வேறொரு வடிவம். வேகமாகக் குளிர்த்துவதால் பழைய வடிவத்திலேயே சிறைப்பட்டு, மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்ல மாறும்போது 2 முதல் 4 சதவீதம் வரை பெருக்கும். இழுவைப் பகுதிக்குள் இது நடந்தால் கண்ணாடி வெடிக்கும். 1961இலேயே அவுஸ்திரேலியாவில் கட்டடக் கண்ணாடிகளில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஆனால் இது தடித்த கட்டடக் கண்ணாடியின் நோய். மெல்லிய கார்க் கண்ணாடியில் அரிது. விளிம்பைப் பார்க்காமலேயே "கம்பனிப் பிழை" என்று சொல்வது சோம்பல்.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

டின்ட் தாள் நொறுங்கிய கண்ணாடியைப் பிடித்து வைத்திருந்தால் முடியும். இதுதான் மேலே சொன்ன நன்மை. தொடும் முன் படம் எடுங்கள், உள்ளேயும் வெளியேயும். வெடிப்புக் கோடுகள் எந்தப் புள்ளியிலிருந்து விசிறியாக விரிகின்றன என்று பாருங்கள். நடுவில், வெள்ளைத் தூளாக அரைபட்ட பொட்டு என்றால் ஏதோ பட்டிருக்கிறது. ஓரத்திலிருந்து விரிந்தால் றபர்க் கான், துரு, போல்ட். மற்றத் துண்டுகளைவிடப் பெரிய இரண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல ஒட்டி நின்று, அவை சேரும் கோட்டில் கறுப்புப் பொட்டு இருந்தால், அது நிக்கல் சல்பைட்டாக இருக்கலாம். அந்த இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். தாள் இல்லாமல் எல்லாம் கொட்டிவிட்டால், இருக்கைக்குக் கீழே கல் தேடுவதைத் தவிர வழியில்லை.

காப்புறுதி நிறுவனத்துக்குக் கூட்டி அள்ளும் முன்னரே அழைப்பு எடுங்கள். உங்கள் பத்திரத்தில் கண்ணாடி என்பது முன்கண்ணாடி மட்டுமா, எல்லாக் கண்ணாடிகளுமா என்பதை இன்றைக்கே பார்த்து வைப்பது நல்லது.

ஏ9 வீதியில் ஓடும்போது உடைந்தால் சத்தத்துக்குப் பிறேக்கை அமுக்காதீர்கள். பின்னால் பஸ் வரும். வேகத்தைக் குறைத்து, இரட்டைச் சமிக்ஞையைப் போட்டு ஓரம் கட்டுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சதுரத் துண்டுகள் கையை அவ்வளவு வெட்டாது. கூட வரும் நுண்தூள்தான் கண்ணுக்கு ஆபத்து. சட்டர் சுவிச்சைத் தொடாதீர்கள். எஞ்சிய துண்டுகள் உள்ளே கேபிளில் சிக்கி, ஒரு செலவு இரண்டாகும். தாளோடு தொங்கும் கண்ணாடியை இரு பக்கமும் அகலமான ரேப் ஒட்டி நிறுத்தலாம். பிள்ளையின் இருக்கை பெல்ட்டின் பூட்டுக்குள்ளும் துண்டு போகும். அதைப் போட்டுக் கழற்றிப் பாருங்கள்.

கராச்சில் கதவுப் பலகையைக் கழற்றி, உள்ளே அடியில் கிடக்கும் துண்டுகளை வக்கியூமால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, அடுத்த மாரிக்குள் கதவு துருப்பிடிக்கும். றபர்க் கானையும் அதே நாளில் மாற்றுங்கள். பழைய கானுக்குள் புதுக் கண்ணாடியைப் போடுவது பழைய காரணத்தை விட்டுவைப்பது. அதற்குள் இறங்கிய குருணியே புது விளிம்பைக் குத்தும்.

புதுசு கிடைக்காமல் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பாவித்த கண்ணாடி எடுப்பவர்கள் நான்கு விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். அரிசியளவு சில்லுப் பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். பஸ்ஸில் பார்சலாக அனுப்பச் சொன்னால் விளிம்புகளுக்கு மட்டையோ ரெஜிபோமோ சுற்றச் சொல்லுங்கள். தட்டையாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடியைப் பாதி இறக்கி, உள்ளங்கையால் உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். தளதள என்று ஆடினால் றபரோ போல்ட்டோ போய்விட்டது. றபர்க் கானை மெல்லிய தூரிகையாலும் தண்ணீராலும் கழுவி, காய்ந்தபின் சிலிக்கன் ஸ்பிறே அடியுங்கள். கிறீசும் தேங்காய் எண்ணெயும் மணலைப் பிடித்து றபரை அரத்தாளாக்கிவிடும். ஆடும் கண்ணாடியைப் பாதி திறந்தபடி கதவை அடித்துச் சாத்தாதீர்கள்.

கடைசியாக, முழுதாக இருக்கும் ஆபத்தான கண்ணாடிகள். பழைய வான், முச்சக்கரவண்டி, லொறிகளுக்குக் கடையில் யன்னல் கண்ணாடியை வெட்டிப் போடுகிறார்கள். டெம்பர்ட் கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது, உடனே நொறுங்கும். ஆகவே உங்கள் முன்னால் அளவுக்கு வெட்டித் தந்த ஒரு தகடு டெம்பர்ட்டாக இருக்க வழியில்லை. அது உடைந்தால் கத்தியாகப் பிளக்கும். சந்தேகமிருந்தால் போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலையிலோ மாலையிலோ வானம் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பாருங்கள். டெம்பர்ட்டில் காற்று அடித்த இடங்கள் வரிசையான பொட்டுகளாகத் தெரியும். மூலையில் உற்பத்தி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்கள் அந்த முத்திரையை முன்கண்ணாடியிலும் தேட வேண்டும். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் முன்கண்ணாடியே டெம்பர்ட். ஒரு சல்லி பட்டால் முழுவதும் வெண்பனியாகி றோட்டு மறைந்துவிடும். லமினேட்டட் தகட்டை அந்த வளைவுக்குச் செய்விக்க முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் ரிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடாதீர்கள்.