டிஸ்டோபியா: தமிழில் எப்படிச் சொல்வது?

மனிதரை நசுக்கும் கற்பனைச் சமூகத்தைக் குறிக்கும் டிஸ்டோபியா என்ற சொல்லை இப்போது எதற்கெல்லாமோ ஒட்டிவிடுகிறார்கள். நகரம் இடிந்து கிடந்தால் டிஸ்டோபியா, வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கினால் டிஸ்டோபியா. எனக்கு மிகவும் பிடித்த படங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அதனால் சொல்லின் எல்லை எது என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேர் கிரேக்கம். ‘டோபோஸ்’ என்றால் இடம். ‘டிஸ்’ என்பது கெடுதலைக் குறிக்கும் முன்னொட்டு. துர்நாற்றம், துர்பாக்கியம் என்கிறோமே, அந்தச் சமஸ்கிருதத் ‘துர்’ இதற்கு உடன்பிறப்பு.

1516-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் தன் கற்பனைத் தீவுக்கு உட்டோபியா என்று பெயர் வைத்தார். நேர்ப்பொருள் ‘இல்லாத இடம்’. கிரேக்கம் தெரிந்த காதுக்கு ‘நல்ல இடம்’ என்றும் கேட்கும். அதற்கு எதிர்ச்சொல்லைப் பிரபலமாக்கியவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து பற்றிய விவாதத்தின்போது, அரசுத் தரப்பை டிஸ்டோபியர்கள் என்று சாடினார். உட்டோபியா நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்கு நல்லது, இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒத்துவராத அளவுக்குக் கெட்டது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில் பேசியது பூகம்பத்தையோ கொள்ளைநோயையோ பற்றி அல்ல. மனிதர்கள் யோசித்துக் கொண்டுவரும் கொள்கையைப் பற்றி. டிஸ்டோபியாவின் உயிர்நாடி இதுதான். அங்கே சட்டம் இருக்கும், ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்குதான் மனிதரை நசுக்கும்.

1997-இல் வந்த ‘கட்டாக்கா’ என்ற ஆங்கிலப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைப்பே டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளை (G, A, T, C) மட்டும் வைத்து அமைத்தது. இடிபாடு எதுவும் கிடையாது. எல்லாம் பளிச்சென்று இருக்கும். நாயகன் இயல்பாகப் பிறந்தவன், அதனாலேயே மரபணுத் தரத்தில் கீழானவன் என்று ஒதுக்கப்பட்டவன். வேறொருவன் பெயரில் வேலைக்குப் போவதற்காக, தினமும் காலையில் உதிரக்கூடிய தோலையும் முடியையும் தேய்த்தெடுத்து எரித்துவிடுகிறான். ஒரு கண்ணிமை முடி கீழே விழுந்தாலும் பிடிபடலாம். ஒரு சமூகம் எவ்வளவு கெட்டுவிட்டது என்று சொல்ல, அந்த ஒற்றை முடி போதுமானதாக இருக்கிறது.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1966-இல் எடுத்த ‘பாரன்ஹீட் 451’ இன்னொன்று. புத்தகங்களைத் தடைசெய்த உலகம் என்பதால், தொடக்கப் பெயர்ப்பட்டியலைத் திரையில் எழுத்தாகக் காட்டாமல் குரலில் வாசிக்கவிட்டார். கதை தொடங்குவதற்கு முன்பே அந்த உலகத்தின் சட்டத்துக்குள் நாமும் போய்விடுகிறோம்.

சரி, தமிழில்? உட்டோபியாவைக் கற்பனையுலகு, இலட்சிய உலகம் என்றெல்லாம் எழுதுகிறோம். டிஸ்டோபியாவுக்கு ‘அழிவுலகு’ பொருந்தாது. அது உலகம் அழிந்தபின் நடக்கும் கதைகளுக்கான சொல். ‘துயருலகு’ என்றால் உணர்ச்சி வருகிறது, ஆனால் யார் செய்த துயர் என்பது வருவதில்லை. ‘கொடுங்கோல்’ வலுவான பழஞ்சொல். திருக்குறளில் கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆனால் அது அரசனின் குற்றத்தைச் சொல்வது. ‘கட்டாக்கா’வில் கொடுங்கோலன் என்று ஒருவரையும் சுட்ட முடியாது.

‘இன்னாது அம்ம இவ்வுலகம்’ (துன்பமானது இந்த உலகம்) என்ற புறநானூற்று வரியிலிருந்து ‘இன்னாவுலகு’ என்று ஒரு சொல்லை ஆக்கலாம். அழகான சொல்தான், ஆனால் உரை சொல்லாமல் இன்று பலருக்கும் விளங்காது.

என் தேர்வு ‘கேட்டுலகு’ (கேடு + உலகு). கேடு என்பது கெடு என்ற வினையிலிருந்து வருவது. பால் கெட்டுவிட்டது என்றால், முன்பு நல்ல பாலாக இருந்தது என்பதும் அதிலேயே அடக்கம். ‘கெடுத்தான்’ என்றால் செய்தவனும் வந்துவிடுகிறான். நன்மைக்கென்று தொடங்கிய ஏற்பாடு மனிதர் கையால் சீரழிந்தது என்ற பொருள் இந்த வேரில் இயல்பாகவே இருக்கிறது. கேட்டுலகப் படம், கேட்டுலகக் கதை என்று சேர்த்து எழுதவும் தடங்கல் இல்லை. முதல் தடவை பக்கத்தில் டிஸ்டோபியா என்று குறிப்பிட்டுவிட்டு, அப்புறம் கேட்டுலகு என்றே எழுதிக்கொண்டு போகலாம்.