கேரவனுக்குள் தண்ணீர் நுழையும் வழி

ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் ஐப்பசி மழை என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் கன்னியாகுமரி. போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, முட்டம், குளச்சல் பக்கம் போனால் உப்புக்காற்று. இங்கே ஒரு கேரவன் ஒழுகாமல் இருக்கிறது என்றால் அதன் பாடியை நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

கேரவன் சுவரில் வெளியே அலுமினியமோ ஃபைபரோ, உள்ளே ப்ளைவுட், நடுவில் தெர்மோகோல் போன்ற நுரைப்பலகை இருக்கும். தகட்டைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வராது. ஜன்னலுக்கும் ஏசிக்கும் கூரை விசிறிக்கும் வெட்டிய ஓட்டைகளில்தான் வரும். கூரையும் சுவரும் சேரும் விளிம்பிலும் வரும்.

அந்த மூட்டுகள் விட்டுப்போக முதல் காரணம் வெயில். 6 மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 5.5 மி.மீ. நீளும். இரும்புச் சட்டம் அதே சூட்டில் 3 மி.மீ. கூட நீளாது. தினமும் இந்த இழுபறி, கூடவே சாலைக் குலுக்கல்; ஸ்க்ரூ தளரத்தானே செய்யும்? அப்புறம் ஓட்டத்தின் வேகம். மணிக்கு 80 கி.மீ.யில் எதிர்க்காற்றின் அழுத்தம் தண்ணீரை 3 செ.மீ. வரை மேலே தூக்கிவிடும். நின்றால் ஒழுகாத வண்டி ஓடும்போது ஒழுகுவது அதனால்தான்.

ஒழுகியதும் சிலிகான் பசையை எடுத்து மேலே பூசுவதுதான் வண்டியைக் கெடுக்கிறது என்பேன். பழைய சிலிகான் மேல் புதியது சரியாக ஒட்டாது. உள்ளே போன தண்ணீர் வெளியேறும் வழியையும் அது அடைத்துவிடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அரிக்காது. அடைபட்ட ஈரம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும்.

நம்மூர் ஓட்டுக்கூரையில் பசையே கிடையாது. மேலோடு கீழோட்டின் மேல் படிந்திருப்பதால்தான் வீடு நனைவதில்லை. கேரவனிலும் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிய வேண்டும். ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) ஒட்டி, சுற்றிலும் கொஞ்சம் பிதுங்கும்வரை ஸ்க்ரூவைச் சீராக முடுக்க வேண்டும். பியூட்டைல் இறுகிப்போகாமல் பிசுபிசுவென்றே இருப்பதால் தகடு நகர்ந்தாலும் கூடவே நகரும். வெளிப்பக்கம் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போடுவதானால் மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் போதும், அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் கவனியுங்கள். அலுமினியமும் ஸ்டீல் ஸ்க்ரூவும் உப்புநீரில் சேர்ந்தால் பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் கரையும். துளை பெரிதாகும், பிடி போகும். ஸ்க்ரூவில் பியூட்டைலைச் சுற்றி முடுக்கினால் உப்புநீர் அண்டாது.

ஒழுகும் இடமும் நுழைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கூரையில் புகுந்த நீர் சட்டத்தின் வழியே ஓடி எங்கோ ஒரு மூலையில் சொட்டும். அதனால் கதவு, ஜன்னலை மூடி, ஒரு புளோயரால் உள்ளே காற்றை அடைத்து, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி எழும் இடத்தில் குறியிட்டு, அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றினால் போதும்.