டைட்டானியம் சீட் போஸ்ட் வாங்குவதற்கு முன்

கரடுமுரடான பாதையில் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட்டு இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கிறதா? உடனே கிடைக்கும் யோசனை, அலுமினிய சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயை, கழற்றிவிட்டு கார்பன் ஃபைபரோ டைட்டானியமோ மாட்டச் சொல்வதுதான். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் என்றால் குலுக்கலை வாங்கும் வேலையை ஷாக் பார்த்துக்கொள்ளும், எழுந்து நின்று ஓட்டும்போது சீட் போஸ்ட்டுக்கு வேலையே இல்லை. அதனால் பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் சைக்கிளில் உட்கார்ந்து மிதிப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேசை ஓரத்தில் வைத்து, 10 செ.மீ. வெளியே நீட்டி நுனியை அழுத்திப் பாருங்கள். அப்புறம் 20 செ.மீ. நீட்டி அதே விசையோடு அழுத்துங்கள். இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு வளையும், ஏனென்றால் வளைவு நீளத்தின் மும்மடியாக (2×2×2) ஏறுகிறது. சீட் போஸ்ட்டும் இப்படி ஒரு முனையில் இறுக்கப்பட்ட கம்பிதான், பிரேமுக்கு வெளியே எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு வளைந்து கொடுக்கும். விட்டமும் அப்படித்தான்: சுவர் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும் 31.6 மி.மீ. குழாய் 27.2 மி.மீ. குழாயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பானது.

சரி, உலோகத்துக்கு வருவோம். பலர் தடுமாறும் இடம் இதுதான். அலுமினியத்தின் மீள்குணகம், அதாவது வளையாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு, சுமார் 70 கிகா பாஸ்கல், டைட்டானியத்துக்கு 105 முதல் 110 வரை, ஸ்டீலுக்கு 200. அப்படிப் பார்த்தால் மூன்றிலும் மெத்தென்று இருக்க வேண்டியது அலுமினியம், ஆனால் பழக்கத்தில் அதுதான் விறைப்பு. காரணம் தெரிய, உங்கள் அலுமினிய போஸ்ட்டைக் கழற்றி அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள், சுவர் எவ்வளவு தடிமன் என்று கண்ணுக்கே தெரியும். திரும்பத் திரும்ப வளைத்தால், ஒவ்வொரு வளைவும் சின்னதாகவே இருந்தாலும், அலுமினியம் என்றாவது ஒருநாள் களைத்து விரிசல் விடும். அதனால் அதை வளையவே விடாமல் தடிமனாகச் செய்கிறார்கள். டைட்டானியமும் ஸ்டீலும் ஓர் அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் தாங்கும், ஆகவே சுவரை மெல்லியதாக இழுக்கலாம். மெத்தென்ற உணர்வு அந்த மெல்லிய சுவரிலிருந்து வருகிறது. கார்பனில் இழைகளை எந்தத் திசையில் அடுக்குகிறார்கள் என்பதை வைத்து விறைப்பாகவும் செய்யலாம், வளைகிற மாதிரியும் செய்யலாம். எடையைக் குறைக்க மட்டுமே செய்த கார்பன் போஸ்ட் கல் மாதிரி இருக்கக்கூடும். இரண்டு பட்டைகளாகப் பிளந்து, லாரியின் பட்டை வில்லைப் போலச் செய்த கார்பன் போஸ்ட்டுகள் இருக்கின்றன, அவை நிஜமாகவே நன்றாக வளைகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீட்டில் 60 கிலோ பாரம், 27.2 மி.மீ. அலுமினிய போஸ்ட், சுவர் 2.5 மி.மீ., வெளியே 20 செ.மீ. போஸ்ட் சுமார் 73 டிகிரி சாய்ந்திருப்பதால் வளைக்கும் திசையில் எடையில் 30 சதவீதம்தான் விழும், பெரும்பகுதி நீளவாக்கில் இறங்கிவிடும். வளைவு அரை மில்லிமீட்டர்கூட வரவில்லை. அதே இடத்தில் 1 மி.மீ. சுவருள்ள டைட்டானியம் சுமார் 40 சதவீதம் கூடுதலாக வளையும், அதாவது இன்னொரு 0.2 மி.மீ.! பள்ளத்தில் விழும்போது விசை மூன்று மடங்கானாலும் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். அகலமான டயரோ ஒரு கல்லின் மேல் ஏறும்போதே சர்வ சாதாரணமாக ஒரு சென்டிமீட்டர் அமுங்கும்.

அதனால் முதலில் டயர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், காசு செலவில்லை. அது போதாவிட்டால், பிரேமின் துளை 31.6 மி.மீ. ஆக இருந்தால் ஒரு ஷிம் (இடைவெளியை நிரப்பும் குழாய் வளையம்) வைத்து 27.2 போஸ்ட் மாட்டலாம். அதற்கும் பிறகுதான் டைட்டானியமோ பட்டை வில் கார்பனோ. எதை மாட்டினாலும், அதிகம் வளையட்டும் என்று போஸ்ட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோட்டைத் தாண்டி வெளியே இழுக்காதீர்கள், பிரேமே உடையும். கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்றே விற்கும் சொரசொரப்பான பேஸ்ட் தடவி, போஸ்ட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.