அப்பாவின் திதி ஏன் தேதி மாறுகிறது?

புது டெய்லி காலண்டர் வீட்டுக்கு வந்தால், அதை ஆணியில் மாட்டுவதற்கு முன்பே அம்மா தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள். ராகுகாலத்துக்கும் சந்திராஷ்டமத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் ‘சிரார்த்த திதி’ என்று ஒரு வரி இருக்கும். அவள் தேடுவது அதைத்தான். அப்பா போனது மார்கழி, தேய்பிறைப் பஞ்சமி. அது ஒரு வருஷம் டிசம்பரில் வரும், ஒரு வருஷம் ஜனவரியில் வரும். ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு தடவை வந்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு. “செத்தவருக்கு ஒரு தேதி நிலையா இல்லையே” என்று சித்தப்பா அலுத்துக்கொள்வார்.

நிலையாகத்தான் இருக்கிறது. தேதியை நாம் தரையில் தேடுகிறோம். அது வானத்தில் குறித்து வைத்த ஒரு கோணம்.

பூமியிலிருந்து பார்க்கும்போது, சூரியனை விட்டு நிலா எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதுதான் திதிக் கணக்கு. இரண்டும் ஒரே திசையில் சேரும் நொடியோடு அமாவாசை முடிகிறது. அங்கிருந்து 12 பாகை விலகும்வரை பிரதமை, 24 வரை துவிதியை. 360-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் முப்பது திதி. தேய்பிறைப் பஞ்சமி என்பது 228 பாகையிலிருந்து 240 வரை. மார்கழியில் சூரியன் தனுசில் இருக்கும். சூரியனும் அங்கே, இடைக்கோணமும் அதே என்றால், நிலா கடகம், சிம்மம் பக்கம்தான் நிற்க வேண்டும். அதாவது அப்பா போன இரவில் ஜன்னலுக்கு வெளியே எந்த வடிவத்தில், எந்த நட்சத்திரங்களுக்கு நடுவில் நிலா இருந்ததோ, ஏறக்குறைய அதே கோலத்தில் ஒவ்வொரு திதியன்றும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி என்கிற பெயர்களுக்கு இது கட்டுப்படாது.

அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள். முப்பதால் வகுத்தால் ஒரு திதிக்கு 23 மணி 37 நிமிடம் வரும். ஆனால் நிலா சராசரிக்கு ஓடுகிற ஆள் இல்லை. அதன் பாதை நீள்வட்டம். பூமிக்குச் சுமார் 3,63,000 கிலோமீட்டர் அருகில் வரும்போது விரைந்து ஓடும். 4,05,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால் சோம்பும். அதனால் ஒரு திதி இருபது மணி நேரத்தில் தீர்ந்துபோகலாம், இருபத்தாறு மணியைத் தாண்டியும் இழுக்கலாம். நள்ளிரவிலும் தொடங்கும், மாலை ஐந்து மணிக்கும் தொடங்கும்.

அப்படியானால் எந்த நாளில் படையல் போடுவது? பகலை ஐந்து கூறாக்கி, நான்காவது கூறுக்கு அபராஹ்ணம் என்று பெயர் வைத்தார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் என்றால், அது ஏறத்தாழ 1.12 முதல் 3.36 வரை. அந்த வேளையில் எந்தத் திதி ஓடுகிறதோ, அதுவே அன்றைய சிரார்த்த திதி. காலண்டரின் மேலே சதுர்த்தி என்றும் கீழே சிரார்த்த திதி பஞ்சமி என்றும் போட்டிருப்பது அச்சுப் பிழை அல்ல. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாத்தியாரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

அடுத்த சிக்கல் மாதம். தமிழ் மாதம் சூரியனுடையது. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாக நகர்கிறது; மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிகிறது. ஜூலையில் விலகி மெதுவாகப் போவதால் ஆடி 31, 32 நாள் நீள்கிறது. 29.53 நாள் சுற்றுக்கு ஆடியில் இடம் மிஞ்சும். 2023-இல் ஆடி 1 (ஜூலை 17) ஓர் அமாவாசை, ஆடி 31 (ஆகஸ்ட் 16) இன்னோர் அமாவாசை. எதற்குத் தர்ப்பணம் என்று ஊரெல்லாம் குழம்பியது. பிந்தையதை எடுப்பதே வழக்கம். மார்கழியிலோ இடம் போதாது.

சுனாமி வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. முதல் வருஷத் திதிக்கு 2005 மார்கழியைப் பார்த்தால், அந்த மாதத்துக்குள் முழுநிலவே விழவில்லை. ஒரு முழுநிலவு டிசம்பர் 15 இரவு, கார்த்திகையின் கடைசி நாளில். அடுத்தது ஜனவரி 14, பொங்கலன்று. பொங்கலுக்கு முந்தின நாளே தொடங்கிவிட்ட பௌர்ணமித் திதியின் தலையைப் பிடித்துத்தான் மார்கழிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. மறுவருஷம் 2007 ஜனவரி 3. கரையோரத்தில் பாலூற்றிப் பூவிடுகிறவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று டிசம்பர் 26-ஐயே வைத்துக்கொண்டார்கள். எல்லா மதத்தவரும் மாண்ட கடற்கரையில் அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

ஆனால் 2023 டிசம்பர் 26 அன்று மீண்டும் பௌர்ணமி. இது தற்செயல் அல்ல. 235 நிலாச் சுற்றுகளும் 19 ஆண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 6,940 நாள். உங்கள் வீட்டில் யாரேனும் இறந்து 19 ஆண்டு ஆகியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்: திதி அதே ஆங்கிலத் தேதியில் வரும், அல்லது ஒரு நாள் முன்னே பின்னே.

நிலாவின் இந்தத் தாறுமாறான ஓட்டத்தைக் கணினி இல்லாமல் எப்படிப் பிடித்தார்கள்? அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர நிலாவுக்குச் சுமார் 27.55 நாள். அதுபோல ஒன்பது சுற்று ஓடினால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அன்றன்று நிலா நிற்கும் இடத்தைச் சொல்ல, ஒரு நாளுக்கு ஒன்றாக 248 சின்ன வாக்கியங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். மனப்பாடம் பண்ணிவிட்டால் தலைக்குள்ளேயே அட்டவணை. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது. 1825-இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை அடுக்கி வைத்து, வாய்ப்பாடுகளை நினைவிலிருந்தே எடுத்துச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். அதை ஜான் வாரன் என்பவர் தன் நூலில் பதிவு செய்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு நாலே நிமிடம். முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கும் மேலே பிசகியது, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்றும் வாக்கியத்துக்கும், இன்றைய வானியல் கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. இரண்டு காலண்டர் மாட்டிய வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சிக்கல் வேறு. அண்ணன் டொராண்டோவில் இருக்கிறான். கோணம் உலகத்துக்கெல்லாம் ஒன்று, பிற்பகல்தான் ஊருக்கு ஊர் மாறும். போன முறை பஞ்சமி இங்கே செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் புதன் இரவு வரை ஓடியது. எங்களுக்குப் புதன் பிற்பகல். அவனுக்கோ பத்தரை மணி நேரம் பின்னால். அது செவ்வாய் காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிட்டதால் செவ்வாய் பிற்பகல்.

புதன் விடியற்காலை அவன் போன் வந்தது. “முடிச்சாச்சும்மா. பால்கனியில சாதம் வெச்சேன், ஒரே பனி.” அம்மா அப்போதுதான் இங்கே வடைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.