புளி தின்ற எழுத்து

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வட்டை (வயல்) உழும்போது மச்சானுக்கு ஒரு சல்லி தட்டுப்பட்டது. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய, பச்சை பூத்த செப்புக்காசு. பெத்தா (பாட்டி) அதை வாங்கி, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரியே புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் தந்தா. நல்ல மினுக்கம். எழுத்துத்தான் இல்லை.

விளக்குக்குச் சரியான புளி காசுக்கு ஏன் ஆகாது? விளக்கின் கறுப்பு மேலோட்டமானது. அதன் கீழே உலோகம் முழுசாக இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்காக மண்ணில் கிடந்த காசு அப்படியல்ல. செம்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து முதலில் செந்நிறக் குப்ரைட்டாகவும், மேலே பச்சை மாலகைட்டாகவும் மாறுகிறது. அச்சு பதித்த கோடுகள் பெரும்பாலும் அந்தக் களிம்புக்குள்தான் தங்கியிருக்கும். அடியில் இருக்கும் செம்பு அரித்துக் குழி விழுந்தது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்ததும் எழுத்தும் கூடவே போய்விடும்.

எல்லாப் பச்சையும் காசைக் காப்பதில்லை. தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூள் வந்தால் கவனிக்க வேண்டும். வாவிக்கரை மண்ணில் உப்புக்குக் குறைவில்லை. உப்பின் குளோரைடு செம்புக்குள் புகுந்து செப்புக் குளோரைடாகிறது; ஈரக்காற்றுப் பட்டதும் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது; அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்று குளோரைடாகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்காது. அதனால் நம்மூர் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது இன்னும் மோசம். மண்ணை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, உலர்ந்த டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தாலே போதும்.

இனி அடையாளம். இருட்டறையில் டோர்ச்சைக் காசின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். தேய்ந்த மேட்டுக்கும் நிழல் விழும். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் எழும்பி வரும். எங்கள் காசில் ஒரு பக்கம் நிற்கும் மனிதர், திருப்பிப் பார்த்தால் உட்கார்ந்த மனிதர். அது முதலாம் இராசராசன் காலத்து வடிவம். 993 அளவில் சோழர் இலங்கைக்கு வந்தபோது அந்தக் காசும் வந்தது. பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும், தமிழில் அல்ல, நாகரியில். இதுதான் பலரையும் குழப்புவது. தமிழில் 'சேது' என்றிருந்தால் அது யாழ்ப்பாண அரசர் காசு, நந்தியும் இருக்கும்.

சோழரை விரட்டிய பிறகு பொலன்னறுவை மன்னர்கள் அந்த வடிவத்தைக் கைவிடவில்லை. முதலாம் பராக்கிரமபாகுவும் லீலாவதியும் அதே மனிதரை நிற்கவும் இருக்கவும் வைத்து, பெயரை மட்டும் மாற்றினார்கள். எடை ஏறக்குறைய அதே 4 கிராம். ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயர் ஒன்றுதான்.

(கோட்டைப் பக்கம் கிடைக்கிற ஒல்லாந்தர் துட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கம்பனி முத்திரையோடு வருடத்தையும் அவர்களே அடித்துவிட்டார்கள்.)

போலியைப் பிடிக்க விளிம்பைப் பாருங்கள். அச்சால் அடித்த காசின் ஓரம் சீரற்றிருக்கும், சிலவேளை வெடித்திருக்கும். வார்ப்பில் செய்த போலியில் சிறு குமிழிக் குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரியும்.

1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணில் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும், நாங்களும் அறிவித்தோம். எந்த மன்னனுடையது என்று கேட்டார்கள். அந்த வடிவம் முதலாம் புவனேகபாகு காலம்வரை, அதாவது 1284வரை, ஓடியது. பெயரில்லாத எங்கள் காசு அந்த முந்நூறு வருடத்துக்குள் எங்கேயோ நிற்கிறது.