காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேன் எப்படி உண்டாகிறது, எப்படிக் குறைகிறது

நடவு முடிந்து ஒரு மாதமான வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது காலை ஊன்றி எடுத்தால், சேற்றுக்குள்ளிருந்து குமிழ்கள் கொப்பளித்து வரும். அவற்றில் கணிசமான பங்கு மீத்தேன். 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்டா குச்சியால் சேற்றைக் கிளறிச் சேகரித்ததும், பிறகு பற்றவைத்துப் பார்த்ததும் இதே வாயுவைத்தான்.

எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்ஸைடைவிட 27 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 80 மடங்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலேயே சிதைந்துவிடும். இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும் என்பதால்தான் உலகம் இந்த வாயுவின் மீது இவ்வளவு கவனம் வைக்கிறது. மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு நெல் வயல்களிலிருந்து வருகிறது. அதே நெல்தான் உலக மக்களில் பாதிப் பேருக்கு மேல் சோறு போடுகிறது. ஆகவே நெல்லைக் குறை என்று சொல்வது தீர்வாகாது. அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் மீத்தேனை உண்டாக்குவது பயிர் அல்ல, பயிருக்கு அடியில் காற்றில்லாமல் கிடக்கும் சேறு.

வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்றுப் போக்கு நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன் பிறகும் அவை உயிர்வாழ வேண்டுமே? மட்கும் பொருளைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், அதுவும் தீர்ந்ததும் மாங்கனீசு, பிறகு துரு வடிவிலிருக்கும் இரும்பு, பிறகு சல்பேட். இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை, ஏனென்றால் முன்னால் இருப்பது அதிக ஆற்றல் தருகிறது. எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் நுண்ணுயிர்களின் முறை வரும். இவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்ற தனி இனம். மட்கும் பொருள் சிதையும்போது உண்டாகும் அசிட்டேட்டையும், ஹைட்ரஜனோடு சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடையும் மீத்தேனாக மாற்றுபவை இவைதான். ஆக்சிஜன் பட்டால் இவற்றின் வேலை நின்றுவிடும்.

இந்த வரிசையில் இரும்புக்குத் தனி இடம் உண்டு. நம் வயல் மண்ணில் நைட்ரேட் கொஞ்சம்தான், இரும்போ நிறைய. அது முழுவதும் தீரும்வரை மீத்தேன் பெரிதாகத் தலைகாட்டாது. வெள்ளம் கட்டி ஒன்றிரண்டு வாரம் கழித்தே மீத்தேன் ஏறத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். செம்பழுப்பாக இருந்த மண் சாம்பல் நிறமாக மாறினால் இரும்பு செலவாகிவிட்டது என்று பொருள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதைத் தாண்டிச் சல்பேட்டிலும் கைவைத்தாயிற்று.

உண்டான மீத்தேன் தண்ணீரின் வழியாகக் கரைந்து வெளியேறுவது மிகச் சிறிய பங்கு, குமிழாக வருவது கொஞ்சம். 80 முதல் 90 விழுக்காடு நெற்பயிரின் வழியாகவே காற்றுக்குப் போகிறது. சேற்றில் நிற்கும் வேருக்கு மூச்சுவிட வேண்டுமே என்று நெல் தன் தண்டுக்குள் காற்றுக் குழல்களை வைத்திருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் இறங்கும் அதே குழல்களில் மீத்தேன் மேலேறி, இலையுறையின் நுண்துளைகள் வழியாக வெளியேறுகிறது. நல்ல வேராகப் பிடுங்கிப் பார்த்தால் அதன்மேல் செம்பழுப்புப் படலம் இருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கிய அடையாளம் அது. அந்த மெல்லிய வளையத்தில் மீத்தேனையே தின்னும் பாக்டீரியாக்கள் குடியிருந்து, மேலேறும் வாயுவில் ஒரு பங்கை அங்கேயே எரித்துவிடுகின்றன.

இனி, வயலைக் காயவிட்டால் என்ன நடக்கிறது? தண்ணீர் வடிந்ததும் மண்ணின் நுண்துளைகளுக்குள் காற்று நுழைகிறது. முதல் ஓரிரு நாளில், சேற்றில் சிக்கியிருந்த மீத்தேன் ஒரே மூச்சாக வெளியேறும். இதைப் பார்த்து, காயவிட்டதால் மீத்தேன் கூடிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்குப் பிறகு உற்பத்தியே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியம், செலவான இரும்பு காற்றுப்பட்டு மறுபடி துருவாகிறது. மீண்டும் தண்ணீர் பாய்ச்சினாலும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைத் தீர்த்துவிட்டுத்தான் மீத்தேனுக்கு வரமுடியும். நாலைந்து நாள் காய்ச்சல், பாய்ச்சிய பிறகும் பல நாளுக்கு மீத்தேனைத் தள்ளிப்போடுகிறது. இந்த முறையின் முழு வலிமையும் இங்கேதான்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்குத் தண்ணீர் விடுவது என்ற பேச்சு தமிழ் வேளாண்மையில் புழங்குவதுதான். ஜப்பானில் பயிரின் நடுப்பருவத்தில் வயலைக் காயவிடுவதற்கு நகபோஷி என்று பெயர். சீனாவில் 1980-களிலிருந்து இது பரவலானது விளைச்சலுக்காக, மீத்தேனுக்காக அல்ல. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதை அளவோடு செய்ய ஓர் எளிய கருவி தந்தது: வயல் நீர்க்குழாய்.

நான்கு முதல் ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. நீளத் துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மூங்கிலும் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் அரை செ.மீ. துளைகளை இரண்டு செ.மீ. இடைவெளியில் போட்டு, துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் மீதி மேலேயும் இருக்குமாறு இறக்கி, உள்ளே புகுந்த சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். இடம் வரப்பையொட்டி, எளிதில் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும், ஆனால் மேடோ பள்ளமோ ஆகாது. பள்ளத்தில் வைத்தால் குழாய் தண்ணீர் காட்டும்போதே மற்ற இடத்தில் பயிர் வாடும். அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணைத் துளைத்துவிடவும் கூடாது, தண்ணீர் அதன் வழியே இறங்கிப்போகும். வயலில் தண்ணீர் கட்டியபின் சில மணி நேரத்தில் குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளைகள் அடைத்திருக்கின்றன, எடுத்துக் கழுவி மறுபடி நட வேண்டும்.

நட்ட 10 முதல் 15 நாளில், பயிர் பச்சை பிடித்தபின் தொடங்கலாம். 5 செ.மீ. தண்ணீர் கட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண் பரப்பிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. பாய்ச்ச வேண்டும். மண்ணையும் வெயிலையும் பொறுத்து இதற்கு ஒரு நாளும் ஆகலாம், பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் நாள் எண்ணிப் பாய்ச்சாமல் குழாயைப் பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது, இந்த வரம்பு வரை மகசூல் குறைவதில்லை. விதிவிலக்கு பூக்கும் பருவம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை தண்ணீர் நின்றே ஆக வேண்டும். அப்போது காயவிட்டால் மணி பிடிக்காமல் பதராகிவிடும்.

பலன் எவ்வளவு? பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழு 2019-ல் திருத்திய கணக்கீட்டு முறைப்படி, எருவோ வைக்கோலோ இடாமல் எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.19 கிலோ மீத்தேன் விடுகிறது. இது உலகச் சராசரி. 120 நாள் பயிருக்குக் கணக்கிட்டால் ஏக்கருக்குச் சுமார் 58 கிலோ. பருவத்தில் ஒருமுறை காயவிட்டால் இது 0.71 மடங்காகவும், பலமுறை காயவிட்டால் 0.55 மடங்காகவும் குறையும். பலமுறை என்றால் ஏக்கருக்கு 26 கிலோ மிச்சம், அதாவது ஏறத்தாழ 700 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஈடு. பாசன நீரிலும் 30 விழுக்காடு வரை மிஞ்சும்.

வைக்கோல் இந்தக் கணக்கையே புரட்டிப்போடும். ஹெக்டேருக்கு 5 டன் காய்ந்த வைக்கோலை மடக்கி உழுது, ஒரு மாதத்துக்குள் தண்ணீர் கட்டினால் மீத்தேன் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதே வைக்கோலைத் தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே உழுதுவிட்டால் சுமார் ஒன்றரை மடங்கோடு நிற்கும். சத்து காற்றுள்ள மண்ணிலேயே மட்கிவிடுவதால் சேற்று நுண்ணுயிர்களுக்கு மிஞ்சுவது குறைவு. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைவெளி குறுகும் இடங்களில் தண்ணீரைக் கவனித்து வைக்கோலை மறந்தால் பாதி வேலை வீண்.

இன்னொரு பக்கமும் உண்டு. மண் காயும்போது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். மறுபடி நீர் கட்டும்போது அந்த நைட்ரேட் சிதைந்து நைட்ரஸ் ஆக்ஸைடாக வெளியேறும். இதன் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைவிட 273 மடங்கு. ஏக்கருக்கு ஒரே ஒரு கிலோ கூடினாலும் மேலே சொன்ன 700 கிலோ ஆதாயத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே யூரியாவை மொத்தமாகக் கொட்டக் கூடாது. காய்ந்த மண்ணில் இட்டு உடனே தண்ணீர் பாய்ச்சினால் அது வேர்ப்பகுதிக்கு இறங்கிவிடும். எப்போது இடுவது என்பதற்கு, இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3-க்கும் மற்ற ரகங்களுக்கு 4-க்கும் கீழே போனால் மட்டும் இட வேண்டும்.

களை இரண்டாவது தொல்லை. நெல்லில் தண்ணீர் கட்டுவதே முக்கியமாகக் களையை அடக்கத்தான். களை மிகுந்த வயலில் இரண்டு மூன்று வாரம் தண்ணீரைக் கட்டி நிற்கவிட்டு, களையெடுத்த பிறகே காய்ச்சலைத் தொடங்க வேண்டும். கரிசல், களிமண் வயல்களில் மயிரிழை போன்ற வெடிப்பு வந்தால் கவலையில்லை. விரல் நுழையும் அளவுக்கு விட்டுவிட்டால் அடுத்து பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே அடிக்குப் போய்விடும், மிச்சம்பிடித்தது அத்தனையும் அதிலேயே தீரும். உவர் நிலத்தில் இந்த முறையே வேண்டாம். நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு மேலேறிப் பயிரைச் சுடும்.

இவ்வளவு தெளிவான முறை ஏன் எங்கும் பரவவில்லை? விவசாயிக்குத் தெரியாததால் என்று சொல்வது நியாயமில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் அடுத்த முறை எப்போது என்ற உறுதி இல்லாவிட்டால், வந்த தண்ணீரைக் கட்டிவைப்பதுதான் அறிவுள்ள செயல். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்பதால் நீரை மிச்சப்படுத்தினாலும் பணம் மிஞ்சாது. டீசலுக்குக் காசு கொடுக்கும் வங்கதேச விவசாயிக்கு ஒவ்வொரு பாய்ச்சலும் செலவு, அவருக்கு இந்தக் குழாயின் அருமை உடனே தெரியும்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்து நடும் குறுவைக்கும், கோடை நெல்லுக்கும் இந்த முறை முழுதாகப் பொருந்தும். சம்பாவுக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது குழாயில் மட்டம் இறங்கவே இறங்காது. அங்கே மழைக்கு நடுவே நாலைந்து நாள் வெயில் கிடைத்தால், தூர் கட்டி முடியும் தறுவாயில் வடிகாலைத் திறந்து ஒரே ஒரு முறை காயவிடலாம். வாய்க்கால் தூர்ந்திருந்தால் அதுவும் நடக்காது என்பதால், சம்பா வயலில் மீத்தேனைக் குறைக்கும் வேலை மழைக்கு முன்பே வடிகாலை வெட்டித் திருத்துவதில் தொடங்குகிறது.